மாத்திரையை மாற்றுவதற்கு முன் மாதிரியை எடுங்கள்

வாசகர் கடிதம் (சுருக்கம்): கோத்தகிரிக்கு அருகே ஓர் எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறோம். என் அம்மாவுக்கு வயது 61. முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். சர்க்கரை நோய் உண்டு. 11 மாதங்களுக்கு முன் கோவையில் இடது இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்தோம். ஐந்தாவது வாரத்தில் தையலின் கீழ்முனையில் நீர் கசியத் தொடங்கியது. மாத்திரை சாப்பிட்டால் மூடிக்கொள்கிறது. நிறுத்தினால் மறுபடி திறந்து சீழ் வருகிறது. ஐந்து முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டாகிவிட்டது. அதில் இரண்டு முறை பழைய சீட்டைக் காட்டி நாங்களே கடையில் வாங்கினோம். போன மாதம் சீழைத் துடைத்துச் சோதித்ததில் எம்.ஆர்.எஸ்.ஏ. என்று வந்தது. ஒரு மருத்துவர், வைத்த மூட்டை எடுத்துவிட்டு இரண்டு கட்டமாக அறுவை செய்ய வேண்டும் என்கிறார். இன்னொருவர் லினெசோலிட் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை மூன்று மாதம் சாப்பிடச் சொல்லியிருக்கிறார். பத்து நாளாகச் சாப்பிடுகிறார். போன வாரம் இரண்டு மாலைகளில் வியர்த்து நடுங்கினார். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததும் தெளிந்தார். அறுவை இல்லாமல் இன்னும் வீரியமான ஊசியால் குணமாகாதா? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறான், அவனுக்குத் தொற்றுமா? தை மாதம் தம்பிக்குக் கல்யாணம். "இன்னொரு தடவை கத்தி வைக்க விடமாட்டேன்" என்கிறார் அம்மா.

பதில்:

சகோதரிக்கு வணக்கம். நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு செய்தியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது. அந்த வியர்வையும் நடுக்கமும் களைப்பினால் வந்தவை என்று விட்டுவிடக் கூடியவை அல்ல. நீங்கள் அனுப்பிய மருந்துப் பட்டியலில் சர்க்கரைக்கான கிளிமிபிரைடும், பாத எரிச்சலுக்கான டுலோக்செட்டினும் இருக்கின்றன. சர்க்கரைக்கு மருந்து எடுத்துக்கொள்பவர்களுக்கு லினெசோலிட் இரத்தச் சர்க்கரையை எதிர்பாராத அளவுக்குத் தாழ்த்திவிடக் கூடியது. டுலோக்செட்டினோடு சேரும்போது, நரம்புகளில் செய்தி கடத்தும் செரோடோனின் என்ற வேதிப்பொருள் மிகுந்து நடுக்கம், வியர்வை, படபடப்பு, காய்ச்சல், மனக்குழப்பம் வரை கொண்டுபோகவும் கூடியது. இரண்டில் எது என்று கடிதத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு அன்றே கோத்தகிரி அரசு மருத்துவமனைக்குப் போகும்படி உங்களுக்குத் தனியாகத் தெரிவித்தேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கும் எழுதுகிறேன்: எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம், எல்லாவற்றையும் ஒருசேர ஒரு மருத்துவர் பார்க்க வேண்டும் என்பதே முக்கியம்.

லினெசோலிட் நல்ல மருந்துதான். ஆனால் பொதுவாக 28 நாட்களுக்கு மேல் கொடுப்பதற்கென்று அது பரிந்துரைக்கப்பட்டதல்ல. இரண்டு வாரம் தாண்டினாலே இரத்தத் தட்டணுக்கள் குறையத் தொடங்கலாம். மாதக் கணக்கில் போனால் கால் நரம்புகளும் பார்வை நரம்பும் பாதிக்கப்படலாம். ஏற்கெனவே சர்க்கரையால் பாதம் எரியும் ஒருவருக்கு, வாராவாரம் இரத்தப் பரிசோதனை இல்லாமல் மூன்று மாதம் கொடுப்பதை நான் ஏற்க மாட்டேன்.

இனி உங்கள் முதல் கேள்வி. எம்.ஆர்.எஸ்.ஏ. என்றால் எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி என்று உங்களுக்கு யாரோ சொல்லி, நீங்கள் இரவெல்லாம் தூங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்பது நம்மில் பலருடைய மூக்கிலும் தோலிலும் சாதுவாகக் குடியிருக்கும் பாக்டீரியா. அதில் எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற ஒரு வகை, பென்சிலின் குடும்ப மருந்துகள் வந்து ஒட்ட வேண்டிய புரதத்தை மாற்றி வைத்துக்கொண்டுவிட்டது. அந்தக் குடும்பத்து மருந்தான மெதிசிலின் புழக்கத்துக்கு வந்து இரண்டே ஆண்டுகளில், 1961இல், இங்கிலாந்தில் இது கண்டறியப்பட்டது. அன்றிலிருந்து அமாக்சிசிலின் முதல் பெரும்பாலான செஃபலோஸ்போரின் மருந்துகள் வரை அதன் முன் பயனற்றவை. ஆனால் வான்கோமைசின், டைகோபிளானின், டாப்டோமைசின் போன்றவை இன்றும் அதன்மேல் வேலை செய்கின்றன. உங்கள் அம்மாவின் அறிக்கையிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆகவே மருந்து இருக்கிறதா என்பது இங்கே சிக்கலே அல்ல. அந்த மருந்து கிருமி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேருகிறதா என்பதுதான் சிக்கல்.

அந்த அறிக்கையைப் படிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. மருந்தின் பெயருக்கு எதிரே 'எஸ்' என்றால் கட்டுப்படும், 'ஆர்' என்றால் கட்டுப்படாது. பக்கத்தில் இருக்கும் எண்களைப் பார்த்து, எண் எதற்குக் குறைவாக இருக்கிறதோ அதுவே வீரியமான மருந்து என்று நினைத்துப் பலர் அதைக் கேட்டு வாங்குகிறார்கள். அது தவறு. ஒவ்வொரு மருந்துக்கும் அளவுகோல் வேறு; ஒன்றின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிடவே கூடாது. காசநோய்க்கும் கொடுக்கப்படும் ரிஃபாம்பிசினுக்கு எதிரே மிகச் சிறிய எண்ணும் 'எஸ்' எழுத்தும் இருக்கும். ஆனால் அதைத் தனியாகக் கொடுத்தால் சில நாட்களிலேயே கிருமி அதற்கும் பழகிவிடும்.

மருந்து ஏன் போய்ச் சேருவதில்லை என்பதற்கு, உங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துப் பாருங்கள். கொஞ்ச நாள் விட்டால் உட்சுவரில் ஒரு வழுவழுப்பு படிகிறது. எத்தனை குடம் தண்ணீர் ஊற்றி அலசினாலும் அது போவதில்லை; தேங்காய் நார் போட்டுத் தேய்த்தால்தான் விடுகிறது. உலோகத்தின்மீதும் பிளாஸ்டிக்கின்மீதும் பாக்டீரியாக்கள் கட்டிக்கொள்ளும் படலம் அத்தகையது. அதற்குள் அவை ஏறக்குறைய உறக்க நிலையில் இருக்கும். உயிரற்ற உலோகத்துக்கு இரத்த ஓட்டம் கிடையாது என்பதால், அங்கே நம் உடலின் காவலும் சரியாக எட்டாது. வெளியே மிதக்கும் கிருமியைக் கொல்லத் தேவைப்படும் மருந்தைப் போல நூறு, ஆயிரம் மடங்கு இருந்தாலும் படலத்துக்குள் இருப்பவை பிழைத்துக்கொள்ளலாம். அவ்வளவு மருந்தை மனித உடல் தாங்காது. மாத்திரை சாப்பிடும்போது படலத்திலிருந்து உதிர்ந்து வெளியே வருபவை சாகின்றன, கசிவு நிற்கிறது, ஆறிவிட்டது என்று நாம் மகிழ்கிறோம். நிறுத்தியதும் மறுபடி வருகின்றன. நீங்கள் இணைத்திருக்கும் ஐந்து சீட்டுகளில் மூன்றில் செஃபிக்சிம் எழுதப்பட்டிருக்கிறது. எதிர்ப்பே இல்லாத சாதாரண ஸ்டாஃபைலோகாக்கஸ் மீதுகூட அது சரியாக வேலை செய்யாது. ஆகவே துளை மூடியது அந்த மாத்திரையால்தான் என்றும் சொல்வதற்கில்லை. இப்படிப்பட்ட துளை தானே மூடும், தானே திறக்கும்.

இதை மற்றவர் குறையாக மட்டும் நான் எழுதவில்லை. பணியின் தொடக்க ஆண்டுகளில், கசியும் இடுப்போடு வந்த ஒரு நோயாளிக்கு நானே இரண்டு மாதம் மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்தேன். அறுவை அறையில் இறுதியாகத் திறந்தபோது, எலும்போடு இறுகியிருக்க வேண்டிய உலோகத் தண்டு, உறையிலிருந்து கத்தி வருவது போல எந்தத் தடையும் இல்லாமல் என் கையோடு வந்தது. ஆறிய கஞ்சியின் மேல் படியும் ஆடையைப் போல அதன்மேல் ஒரு பூச்சு இருந்தது. அந்த இரண்டு மாதத்தில் அவர் இழந்த எலும்பை என்னால் திருப்பித் தர முடியவில்லை.

ஆகவே அடுத்த மாத்திரையைத் தேடுவதற்கு முன் சரியான மாதிரி எடுக்கப்பட வேண்டும். தோலில் உள்ள துளையின் வாயைத் துடைத்து எடுத்த சீழில் வளர்வது, தோலில் குடியேறிய வேறு கிருமியாகவும் இருக்கலாம். மூட்டுக்குள் இருப்பது எம்.ஆர்.எஸ்.ஏ.வே தானா, அதோடு கிளெப்சியெல்லா போன்ற வேறொன்றும் சேர்ந்திருக்கிறதா என்று அது சொல்லாது. மூட்டுக்குள் ஊசி செலுத்தி நீர் எடுக்க வேண்டும். அறுவையின்போது ஆழத்திலிருந்து ஐந்து இடங்களில் திசு எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனிப் புட்டியில் அனுப்ப வேண்டும். ஒரே கிருமி இரண்டு மாதிரிகளிலாவது வளர்ந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. மெதுவாக வளரும் கிருமிகளும் உண்டு என்பதால் 14 நாட்கள் வரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நம் நாட்டில் நாள்பட்ட சீழ் என்றால் காசநோய்க்கும் சேர்த்துச் சோதிப்பது கட்டாயம். மறைந்திருக்கும் காசநோயை அறியாமல் ரிஃபாம்பிசினைத் தொடங்குவது பெரிய தீங்கு. காய்ச்சல் இல்லாத நோயாளிக்கு மாதிரி எடுப்பதற்கு முன் குறைந்தது இரண்டு வாரம் எந்த ஆன்டிபயாடிக்கும் கொடுக்காமல் வைத்திருப்பது வழக்கம். குடும்பத்தாருக்கு மிகவும் பயமாக இருக்கும் காலம் இது, கசிவு கூடலாம். அறுவை மருத்துவரின் மேற்பார்வையில் இதைத் தாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் குளிரோடு காய்ச்சல், பிதற்றல், மூச்சிரைப்பு, சிறுநீர் குறைவது ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் மாதிரிக்காகக் காத்திருக்காமல் 108ஐ அழைத்துவிட வேண்டும். அந்த நிலையில் முதலில் காக்க வேண்டியது உயிரை.

அறுவையைத் தவிர்க்க முடியுமா என்றால், உங்கள் அம்மாவுக்கு முடியாது என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. மூட்டு வரை செல்லும் துளை ஒன்று இருப்பதே, மூட்டில் தொற்று உண்டு என்பதற்குப் போதுமான சான்று. அறுவை முடிந்த முதல் நான்கு வாரத்துக்குள்ளாகவோ, அறிகுறி தோன்றி மூன்று வாரத்துக்குள்ளாகவோ வந்திருந்தால், மூட்டைத் திறந்து கழுவி, உலோகக் குமிழையும் பிளாஸ்டிக் கிண்ணத்தையும் மட்டும் மாற்றி, மற்றதைக் காப்பாற்ற முயன்றிருக்கலாம். அந்தக் காலம் கடந்துவிட்டது. இப்போது எல்லாவற்றையும் எடுத்து, நோயுற்ற திசுவையும், மூட்டை ஒட்டவைத்த பழைய எலும்புச் சிமென்ட் இருந்தால் அதையும் சுரண்டி நீக்கியாக வேண்டும். ஒரே அறுவையில் பழையதை எடுத்துப் புதியதை வைப்பதும் உண்டு. கிருமி எதுவென்று முன்பே உறுதியாகத் தெரிந்து, சுற்றியுள்ள தசையும் தோலும் நன்றாக இருப்பவர்களுக்கு அது நல்ல வழி. துளையும் எதிர்ப்புக் கிருமியும் கட்டுக்குள் வராத சர்க்கரையும் சேர்ந்திருக்கும் உங்கள் அம்மாவுக்கு இரண்டு கட்டம் என்று சொன்ன மருத்துவரோடு நான் உடன்படுகிறேன்.

முதல் கட்டத்தில் பழைய மூட்டை எடுத்துவிட்டு, வான்கோமைசின், ஜென்டாமைசின் போன்ற மருந்துகளைக் கலந்த எலும்புச் சிமென்ட்டால் மூட்டின் வடிவத்திலேயே ஒரு தற்காலிகத் துண்டை வைப்பார்கள். இதை ஸ்பேசர் என்பார்கள். இரத்தத்தில் தாங்க முடியாத அளவு மருந்தை அந்த இடத்தில் மட்டும் கசியவிடுவது இதன் நன்மை. சிமென்ட் இறுகும்போது சூடேறும். அந்தச் சூட்டைத் தாங்கும் மருந்துகளை மட்டுமே கலக்க முடியும். ஹாம்பர்கில் புக்ஹோல்ஸ் என்ற மருத்துவர் ஜென்டாமைசினைச் சிமென்ட்டில் கலந்தது 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில். இன்றும் அந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கிறோம். ஸ்பேசரோடு வாக்கர் பிடித்து, அந்தக் காலில் முழுப் பாரம் போடாமல் நடக்கலாம். அது நழுவவும் உடையவும் கூடும் என்பதால், திடீரென வலி கூடி கால் குட்டையானது போலத் தெரிந்தால் உடனே படம் எடுக்க வேண்டும். ஏறத்தாழ ஆறு வாரம் மருந்து, அதன்பின் சில வாரம் மருந்தில்லாமல் கவனிப்பு, காயமும், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற இரத்தப் பரிசோதனை அளவும் அமைதியாக இருந்தால் இரண்டாம் கட்டத்தில் புதிய மூட்டு. இந்த முறையில் பத்துப் பேரில் எட்டு, ஒன்பது பேருக்குத் தொற்று அடங்குகிறது. எதிர்ப்புக் கிருமி என்றால் அது சற்றுக் குறையும். இரண்டாவது அறுவையைத் தாங்க முடியாமல் போனால், மூட்டில்லாமலே விட்டுவிடும் பழைய முறை ஒன்றும் இருக்கிறது; கால் குட்டையாகும், கைத்தடி வேண்டும், ஆனால் சீழும் வலியும் அடங்கி வாழ்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அறுவையே கூடாத உடல்நிலை உள்ளவர்களுக்கு மட்டும், தொற்றை ஒழிக்காமல் அடக்கி வைக்க நீண்ட கால மாத்திரை கொடுப்பதுண்டு. அம்மா அந்த நிலையில் இல்லை.

மலைமேல் வசிப்பவர்களுக்கு அறுவையைவிட அதற்குப் பின் வரும் ஆறு வாரமே கடினம். வான்கோமைசினைக் குறைந்தது ஒரு மணி நேரம் மெதுவாக ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால் உடல் சிவந்து அரிக்கும், இரத்த அழுத்தம் தாழும். சிறுநீரகத்தையும் இரத்தத்தில் மருந்தின் அளவையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே முதல் இரண்டு வாரமாவது கோவையிலேயே தங்கிவிடுங்கள். பிறகு டைகோபிளானினுக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். ஆரம்ப நாட்களுக்குப் பின் அது பெரும்பாலும் நாளுக்கு ஒரு முறைதான், கையில் பொருத்திய நீண்ட குழாய் வழியாகக் கோத்தகிரி மருத்துவமனையிலேயே போட்டுக்கொள்ளலாம். காயம் உலர்ந்த பிறகு, கிருமிக்குப் பொருத்தமான மாத்திரைகளுக்கு மாறுவதும் இன்று ஏற்கப்பட்ட வழி. எலும்பு, மூட்டுத் தொற்றில் ஊசிக்கு மாத்திரை சளைத்ததல்ல என்று பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2019இல் காட்டியது. காலத்தைக் குறைக்க மட்டும் அவசரப்படாதீர்கள்: செயற்கை மூட்டுத் தொற்றில் ஆறு வாரத்தைவிடப் பன்னிரண்டு வாரம் சிறந்தது என்பது 2021இல் வெளியான பிரெஞ்சு ஆய்வின் முடிவு. எத்தனை வாரம் என்பதை, எந்த அறுவை செய்தார்கள் என்பதை வைத்து உங்கள் மருத்துவர் சொல்வார். ரிஃபாம்பிசின் சேர்த்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், பயப்பட வேண்டாம். ஆனால் அது கிளிமிபிரைடின் வேலையைக் குறைத்துச் சர்க்கரையை ஏற்றிவிடும், அதற்குத் தயாராக இருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து பாதை அடைபடுவது நமக்குப் புதிதல்ல. இரண்டு மூன்று நாளுக்கான மருந்து எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். மலை ஏறும்போது முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிச் சாய்த்து, முழங்காலைவிட இடுப்பு உயர்ந்திருக்கும்படி கெட்டியான தலையணை வைத்து உட்கார வையுங்கள். பாதி வழியில் ஒரு முறை இறக்கி நிற்க வையுங்கள். சாலையிலிருந்து லைன் வீட்டுக்கு இறங்கும் படிகளில் நடக்க விடாமல், கைப்பிடியுள்ள நாற்காலியில் இருவர் தூக்கி இறக்குவதே நல்லது.

துளையைச் சுற்றி நீலகிரித் தைலம் தேய்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மூக்கடைப்புக்கும் கால்வலிக்கும் நம் வீடுகளில் அது இல்லாமல் இருக்காது என்பது தெரியும். ஆனால் திறந்த காயத்தின் அருகே அது தோலைப் புண்ணாக்கும், அடுத்த அறுவையில் கத்தி வைக்க வேண்டிய தோல் அதுதான். மஞ்சளும் வேண்டாம். சுத்தமான துணிக்கட்டு போதும்.

குழந்தையைப் பாட்டியிடமிருந்து பிரிக்காதீர்கள். ஆரோக்கியமான குழந்தைக்கு இதனால் ஆபத்து மிகக் குறைவு. கட்டு மாற்றுபவர் முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். கழற்றிய கட்டைப் பையில் முடிந்து அப்புறப்படுத்துங்கள். துண்டு மட்டும் தனியாக இருக்கட்டும். இந்த மாதங்களில் நம் பக்கம் துணி வெயிலில் காய்வதில்லை என்பதால், வெந்நீரில் துவைத்து இஸ்திரி போட்டுவிடுங்கள். குழந்தைக்குச் சிரங்கோ புண்ணோ இருந்தால் மட்டும், அது ஆறும்வரை மடியில் ஏற விடாதீர்கள்.

அம்மாவின் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (எச்.பி.ஏ.1சி) 9.2 சதவீதம் என்று இருக்கிறது. இதோடு எந்தக் காயமும் எளிதில் ஆறாது. அறுவைக்கு முன்பே இன்சுலின் தேவைப்படலாம். அதை அம்மா தண்டனையாக எண்ண வேண்டாம். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் இன்றே விட வேண்டும். முட்டை, பயறு, அவரை, பால் என்று தினமும் புரதம் சேரட்டும். வீட்டுக்கு வந்த பிறகு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வரும் செவிலியரிடமும் இயன்முறை மருத்துவரிடமும் பெயரைப் பதிந்து வையுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. இரண்டு கட்டத்துக்கும் தனித்தனியாக முன் அனுமதி கேட்க வேண்டுமா என்று மருத்துவமனைக் காப்பீட்டு அலுவலரிடம் சேரும் முன்பே விசாரியுங்கள்.

இது யாருடைய தவறு என்று கேட்டிருந்தீர்கள். எல்லா முன்னெச்சரிக்கையும் எடுக்கும் இடங்களிலும் நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்கு இந்தத் தொற்று வருகிறது. ஆனால் கசியும் காயத்தை ஒரு வாரத்துக்கு மேல் மாத்திரையால் மூடி வைத்ததில் மருத்துவர்களாகிய எங்களுக்குப் பொறுப்பு உண்டு. பழைய சீட்டில் மருந்து வாங்கியதில் உங்களுக்கும் கொஞ்சம் உண்டு. நீங்கள் செய்தது அம்மாவின் வலியைப் பார்க்க முடியாமல் என்பது எனக்குத் தெரியும். இனி அதைச் செய்யாதீர்கள்.

அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது? அறுவை வேண்டாம் என்பது அவருடைய உரிமை. மிரட்டிச் சம்மதிக்க வைக்க வேண்டாம். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அம்மாவையே எதிரில் உட்கார வைத்து, எக்ஸ்ரேயை விளக்கில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். தண்டைச் சுற்றி எலும்பு கரைந்த கறுப்புக் கோடு தெரிந்தால், தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் எதைக் கொண்டுபோகிறது என்பதை அவரே பார்த்துக்கொள்வார். முப்பது வருடம் கொழுந்தைப் பார்த்துக் கிள்ளிய கண் அது, விட்டுவிடாது.

கல்யாணத்துக்காகத் தள்ளிப்போட வேண்டாம் என்பதே என் கருத்து. மருந்தில்லாத இரண்டு வாரத்தை இப்போது தொடங்கினால் கார்த்திகையில் முதல் அறுவை நடக்கும். தை மாதம் அவர் ஸ்பேசரோடு, இரண்டாவது அறுவைக்குக் காத்திருக்கும் இடைவெளியில் இருப்பார். மணமகனின் அம்மாவாக வந்து உட்காரலாம். மண்டபத்தில் கைப்பிடியுள்ள உயரமான நாற்காலி ஒன்றை முன்பே சொல்லி வையுங்கள். பந்தியில் தரையில் உட்காரக் கூடாது, காலில் விழுந்து கும்பிடுபவர்களை ஆசீர்வதிக்கக் குனியக் கூடாது. கையை மட்டும் நீட்டட்டும், பிள்ளைகள் தலையைக் கொண்டுவந்து காட்டுவார்கள்.